பெங்களூரு வீட்டில் செலாஜினெல்லா: நுனி கருகுவது தண்ணீர் போதாமலா, காற்று வறண்டதாலா?

ஜன்னலோரத் தோட்டம் | பிப்ரவரி 22

அனைவருக்கும் வணக்கம். கோரமங்களாவில் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஜனவரி கடைசியில் ஒரு நர்சரியில் செலாஜினெல்லா செடி ஒன்று வாங்கினேன். "மாஸ் ஃபெர்ன்" என்று சொல்லித் தொங்கும் கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். இளம்பச்சை நிறத்தில், தொட்டால் வெல்வெட் போல இருந்தது. இணையத்தில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் செலாஜினெல்லா கிரௌசியானா என்ற இனமாகத் தெரிகிறது.

முதல் இரண்டு வாரங்கள் எந்தக் குறையும் இல்லை. பிப்ரவரி பிறந்த பிறகு கூடையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் கிளைகளின் நுனிகள் முதலில் வெளுத்து, பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறி, இப்போது கையில் எடுத்தால் பொடியாகின்றன. கூடையின் நடுப்பகுதி மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. மண் காயவே இல்லை; விரலை விட்டுப் பார்த்தால் எப்போதும் ஈரம் இருக்கிறது. செடி இருப்பது வடக்குப் பார்த்த ஜன்னல் என்பதால் நேர் வெயில் படுவதில்லை. பிறகு எதனால் கருகுகிறது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மொட்டைமாடி | பிப்ரவரி 22

இது தாகம் மிகுந்த செடி. காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளையும் ஸ்பிரே செய்யுங்கள். கூடையின் கீழே ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். என் பெரணிகள் எல்லாம் இப்படித்தான் வளர்கின்றன.

கண்ணாடிக் குடுவை | பிப்ரவரி 23

மொட்டைமாடி அவர்கள் சொன்ன இரண்டு யோசனைகளும் பரவலாக எல்லோரும் சொல்பவைதான். நானும் இரண்டு கோடைகளுக்கு அவற்றையே செய்தேன். இரண்டு கோடையிலும் செடியை இழந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம். இங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை பிற்பகல் காற்று நாம் உணர்வதைவிட மிகவும் வறண்டது. சென்னையைப் போல வியர்த்துக் கொட்டாததால் ஊர் குளுமையாக இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வியர்வை உடனுக்குடன் உலர்வதே காற்றின் வறட்சிக்கு அடையாளம். நமக்கு இதமாக இருக்கும் அதே காற்று செலாஜினெல்லாவின் உயிரை எடுக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று, நிறைவுற்ற நிலையில், ஏறக்குறைய 34 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 28 சதவீதம் என்றால் அதில் இருப்பது ஒன்பதரை கிராம்தான். நம் படுக்கையறை சுமார் 30 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்கு உயர்த்த ஒரே நேரத்தில் 330 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்று ஒரு மணி நேரத்தில் பல முறை வெளியேறிப் புதுக் காற்று வந்துவிடும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் மீண்டும் 330 மில்லி வேண்டும். கூழாங்கல் தட்டிலிருந்து ஒரு நாள் முழுவதும் ஆவியாவதே ஒரு டம்ளர் அளவுக்குள் அடங்கிவிடும். ஸ்பிரேயில் இருபது முறை அழுத்தினால் 20 மில்லி வரும். அதுவும் பத்து நிமிடத்தில் உலர்ந்துபோகும். அறைக் காற்றை மாற்றுவது நம்மால் ஆகாத காரியம். செடியைச் சுற்றியுள்ள காற்றை மட்டும் அடைத்து வைப்பதே ஆகக்கூடியது.

அதாவது கண்ணாடி. பழைய மீன் தொட்டியானாலும் சரி, கடைகளில் முறுக்கு, பிஸ்கட் போட்டு வைக்கும் அகன்ற வாய்க் கண்ணாடிக் குடுவையானாலும் சரி, மூடி இருந்தால் போதும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1829-இல் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்து மூடிய ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் பெரணியும் புல்லும் தானாக முளைத்ததைக் கவனித்தார். லண்டனின் புகைக் காற்றில் அவர் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, குப்பிக்குள் பிழைத்தது. அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் தேயிலைக் கன்றுகள் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தன. 1860-களின் தொடக்கத்தில் நீலகிரிக்கு சின்கோனாக் கன்றுகளும் அப்படியே வந்தன. கடல் காற்றையும் மாதக்கணக்கான பயணத்தையும் தாங்க உதவிய அதே ஏற்பாடு நம் வரவேற்பறையில் மார்ச் மாதத்தைக் கடக்கவும் உதவும்.

ஜன்னலோரத் தோட்டம் | பிப்ரவரி 25

கண்ணாடிக் குடுவை அவர்களுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு ஈரப்பதமானி வாங்கிக் கூடைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். நேற்று காலை ஏழு மணிக்கு 61 சதவீதம் காட்டியது. மதியம் மூன்று மணிக்கு 26. இன்று மூன்று மணிக்கு 24. மண்ணை மட்டுமே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த எண்கள் அதிர்ச்சியாக இருந்தன.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. மண்ணில்தான் ஈரம் இருக்கிறதே? வேர் உறிஞ்சி அனுப்பினால் இலை ஏன் காய வேண்டும்? அதே ஜன்னலில் மணிபிளான்ட் எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிறது. அதோடு, ஏன் தொங்கும் கிளைகள் மட்டும் முதலில் கருகுகின்றன?

பழைய தாவரவியல் டீச்சர் | பிப்ரவரி 26

தம்பி, நீங்கள் கேட்டிருக்கும் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. முப்பது ஆண்டுகள் பதினொன்றாம் வகுப்புக்கு இந்தச் செடியை நடத்தியவள் என்ற முறையில் அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில், இது பாசியும் அல்ல, பெரணியும் அல்ல. பாசிகளுக்கு நீரைக் கடத்தும் குழாய்த் திசு கிடையாது, இதற்கு உண்டு. பெரணிகளும் பூக்கும் செடிகளும் சேர்ந்த கிளையிலிருந்து இதன் மூதாதைகள் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. நிலக்கரிக் காலத்தில் முப்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்ற லெபிடோடென்ட்ரான் மரங்கள் இதன் தூரத்து உறவு. இன்று இந்தப் பேரினத்தில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை வெப்பமண்டலக் காடுகளின் நிழலில், தரையோடு தரையாக வளர்பவை.

உங்களிடம் கைலென்ஸ் இருந்தால் ஒரு கிளையைப் பாருங்கள். இலைகள் நான்கு வரிசையாக இருக்கும்: பக்கவாட்டில் இரண்டு வரிசை பெரிய இலைகள், மேலே இரண்டு வரிசை சிறிய இலைகள். ஒவ்வொரு இலையிலும் கிளைக்காத ஒரே ஒரு நரம்புதான். மணிபிளான்டின் இலையில் வலைப்பின்னலாக நரம்புகள் ஓடுகின்றன. மேற்பரப்பில் தடித்த மெழுகுப் பூச்சு இருக்கிறது. செலாஜினெல்லாவின் இலையோ சில செல் அடுக்குகளே கொண்ட மெல்லிய தகடு. மேற்பூச்சும் மெலிது. வறண்ட காற்று வாங்கும் வேகத்துக்கு அந்த ஒற்றை நரம்பால் ஈடுகொடுக்க முடிவதில்லை. வேர் ஈரத்தில் நின்றாலும் இலை காய்வது இதனால்தான்.

இனி, தொங்கும் கிளைகளின் விஷயம். தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவனியுங்கள். அங்கிருந்து இலையே இல்லாத, வெளிறிய நூல் போன்ற ஒன்று கீழ்நோக்கி இறங்கும். அதற்கு வேர்தாங்கி என்று பெயர். அது மண்ணைத் தொட்ட பிறகுதான் அதன் நுனியிலிருந்து உண்மையான வேர்கள் பிறக்கும். படர்ந்து வளரும் கிரௌசியானா போன்ற இனங்கள் ஒரே அடி வேரை நம்பிப் பிழைப்பதில்லை; காட்டில் சில அங்குலங்களுக்கு ஒரு முறை தரையில் காலூன்றிக்கொண்டே போகும். தொங்கும் கூடையில் வைத்தால் விளிம்பைத் தாண்டிய கிளைகளின் வேர்தாங்கிகள் அந்தரத்தில் நின்று காய்ந்துவிடுகின்றன. அடுத்தடுத்துக் காலூன்ற இடமில்லாத அந்தக் கிளை முழுவதற்கும் தண்ணீர் கூடையின் நடுவிலிருந்தே வர வேண்டும். அதுவும் காற்றின் வறட்சியும் சேரும்போது நுனிதான் முதலில் போகும்.

ஆகவே இதற்குத் தொங்கும் கூடை பொருந்தாது. அகலமான, மூன்று அங்குல ஆழமுள்ள தட்டுத் தொட்டியே ஏற்றது. வேர்கள் மேலாகவே ஓடுவதால் ஆழமான தொட்டியின் அடி மண் வீணாக ஈரம் தேங்கி அழுகும்.

ஒயிட்ஃபீல்டு வாசி | பிப்ரவரி 26

டீச்சரின் விளக்கம் அருமை. தண்ணீரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் காவிரி இணைப்பு இல்லை. ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான். என் கருவியில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 780 மில்லிகிராம் காட்டுகிறது. அந்தத் தண்ணீரை நான்கு மாதம் ஊற்றியதில் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்தது. ஸ்பிரே செய்த இலைகளின் மீது சுண்ணாம்பு தெளித்தது போலப் புள்ளிகள் நின்றன. பிறகு வளர்ச்சியே நின்றுவிட்டது. இப்போது ஆர்.ஓ. தண்ணீரும், மழைக்காலத்தில் பால்கனியில் வாளி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரும் மட்டுமே கொடுக்கிறேன். மூடிய கண்ணாடிக்குள் வைத்தால் இது இன்னும் முக்கியம். ஆவியாகும் நீர் திரும்பத் திரும்ப மண்ணுக்கே வருமே தவிர, உப்பு வெளியேற அங்கே வழி இல்லை.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பயன்படுத்துபவர்களும் கவனிக்க வேண்டும். கட்டியாக வரும் கோகோபீட்டில் உப்பு இருக்கக்கூடும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறை அலசிய பிறகே கலவையில் சேருங்கள்.

மொட்டைமாடி | பிப்ரவரி 27

கண்ணாடிக் குடுவை அவர்களின் கணக்கைப் படித்த பிறகு நானும் யோசித்தேன். என் பெரணிகள் இருப்பது சலவை அறை ஜன்னலில். அங்கே எப்போதும் ஈரத்துணி காய்கிறது. அவை பிழைப்பதற்கு என் ஸ்பிரே காரணமில்லை போலிருக்கிறது. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. செலாஜினெல்லா காய்ந்து சுருண்டாலும் தண்ணீரில் போட்டால் உயிர்த்தெழும் என்று பள்ளியில் படித்த நினைவு. கோயில் ஊர்களில் "சஞ்சீவினி" என்று காய்ந்த உருண்டைகள் விற்கிறார்களே, அதுவும் இதே இனம்தானே? அப்படியானால் ஜன்னலோரத் தோட்டம் தம் கூடையைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் கருகிய நுனிகள் திரும்பப் பச்சையாகாதா?

பழைய தாவரவியல் டீச்சர் | பிப்ரவரி 28

ஆகாது. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு என்பதால் தெளிவுபடுத்துகிறேன்.

உயிர்த்தெழும் தன்மை இந்தப் பேரினத்தின் சில இனங்களுக்கு மட்டுமே உரியது. மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் வளரும் செலாஜினெல்லா லெபிடோஃபில்லா அவற்றில் ஒன்று. நம் நாட்டில் விந்திய மலைப் பகுதிகளின் பாறைகளில் வளரும் செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ் மற்றொன்று. சஞ்சீவினி என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். இராமாயணத்துச் சஞ்சீவினி எந்தச் செடியாக இருக்கலாம் என்று, பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையிலும் இந்த இனம் வருகிறது. இவை காயும்போது கிளைகளை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு, செல்களுக்குள் ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளின் துணையால் உயிரைக் காத்துக்கொள்கின்றன. கிரௌசியானாவுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதில் பழுப்பான பகுதி இறந்த பகுதிதான், கத்தரியால் வெட்டிவிடலாம்.

உருண்டையாக வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தண்ணீரில் விரிவதை உயிருக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்; இறந்துபோன செடியும் ஈரம் ஏறினால் விரியும், பைன் காய் திறந்து மூடுவது போன்ற இயற்பியல் அசைவு அது. பச்சை நிறம் திரும்புகிறதா, புது நுனி வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, அவற்றை மூடிய கண்ணாடிக்குள் வைத்து எப்போதும் ஈரமாக வைத்தால் அழுகிவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதற்குப் பழகிய செடிகள் அவை. பாறைகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடுங்கி வருவதை நாம் வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழைக்காலத்தில் போகிறவர்கள் சாலையோரப் பாறைகளில் செலாஜினெல்லாவைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். நர்சரியில் வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்ததே வீட்டுக் காற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும்.

ஜன்னலோரத் தோட்டம் | மார்ச் 10

நிலவரம் சொல்கிறேன். நண்பர் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்த இரண்டடி நீள மீன் தொட்டியைக் கொடுத்தார். அடியில் ஓர் அங்குலத்துக்கு கூழாங்கல், அதன் மேல் கொசுவலைத் துண்டு, அதன் மேல் மூன்று அங்குலம் மண் கலவை போட்டேன். அலசிய கோகோபீட் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்) ஒரு பங்கு, கைப்பிடி நொறுக்கிய அடுப்புக்கரி. கூடையிலிருந்து செடியைப் பிரித்து, கருகியதை எல்லாம் வெட்டி, மிஞ்சிய ஒன்பது துண்டுகளை மண்ணின் மீது படுக்கவைத்து, தலைமுடிக் கிளிப்பை விரித்துக் கொக்கியாக்கி ஒவ்வொரு கிளைப் பிரிவுக்கும் பக்கத்தில் மண்ணோடு அழுத்திப் பிடிக்கச் செய்தேன். மேலே கண்ணாடித் தகடு மூடி. உள்ளே ஈரப்பதமானி 90-க்குக் குறையவில்லை.

ஒன்பதாம் நாளான இன்று, இரண்டு துண்டுகளின் மீது சிலந்தி வலை போல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. கண்ணாடியின் நான்கு பக்கமும் எந்நேரமும் நீர் வழிந்துகொண்டிருப்பதால் உள்ளே இருப்பதே தெரியவில்லை. மண்ணுக்கு மேல் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்களும் பறக்கின்றன. திறந்து வைத்தால் காய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கண்ணாடிக் குடுவை | மார்ச் 10

பயப்பட வேண்டாம்; தண்ணீர் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். மூடிய தொட்டிக்கு மண் கலவை எப்படி இருக்க வேண்டும் என்றால், கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் ஒரு சொட்டுக்கு மேல் கசியக் கூடாது. உங்களுடையது அதைவிட ஈரமாக இருக்கும். மூன்று நாட்கள் காலையில் மட்டும், ஈரப்பதம் அதிகமாக இருக்கும் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, தகட்டை இரண்டு அங்குலம் நகர்த்தி வையுங்கள். பிற்பகலில் திறக்காதீர்கள். பூஞ்சை படர்ந்த துண்டுகளில் பழுப்பான பகுதி இருந்தால் அதை நறுக்கி வெளியே எடுங்கள்; பூஞ்சை பெரும்பாலும் இறந்த திசுவில்தான் தொடங்கும். இலைமக்கு போட்டிருப்பதால் முதல் மாதத்தில் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

சரியான நிலையை இப்படி அறியலாம்: விடியற்காலையில் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய பனிமூட்டம் படிந்திருக்கும், பத்து மணிக்குள் அது மறைந்துவிடும். நாள் முழுவதும் நீர் வழிந்தால் ஈரம் அதிகம். ஒரு நாள் கூடப் பனி படியாவிட்டால் ஈரம் குறைவு. இந்தச் சமநிலை வந்த பிறகு என் தொட்டிக்கு ஏழு வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் தேவைப்படுகிறது.

கூழாங்கல் அடுக்கு மேலே உள்ள மண்ணை உலர்த்தும் என்று நம்ப வேண்டாம். மண் நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுக்க நிறைந்து வழிந்தால்தான் கல்லுக்கு இறங்கும். அந்த அடுக்கில் தண்ணீர் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று கண்ணாடி வழியாகத் தெரிந்துகொள்ளலாம். அதன் பயன் அவ்வளவே.

ஈக்கள் ஈரமண்ணில் முட்டையிடும் பூஞ்சை ஈக்கள். மஞ்சள் ஒட்டுத்தாள் ஒரு துண்டை உள்ளே வைத்தால் வளர்ந்த ஈக்கள் மாட்டிக்கொள்ளும். மண்ணின் மேற்பரப்பு கொஞ்சம் காய்ந்தாலே புழுக்களும் குறையும்.

இன்னொன்று, இதைத் தனியாகச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. தொட்டியின் மீது நேர் வெயில் ஒரு போதும் படக் கூடாது. என் முதல் குடுவையைக் கிழக்கு ஜன்னலில் வைத்திருந்தேன். டிசம்பரில் அங்கே வெயில் வரவில்லை. சூரியன் நகர்ந்து பிப்ரவரி நடுவில் ஒரு நாள் காலை நாற்பது நிமிடம் குடுவையின் மீது விழுந்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே இருந்தது வெந்த கீரை. நிறம் கூட மாறவில்லை, ஆனால் தொட்டால் குழைந்தது. மூடியைத் திறந்ததும் கீரை வேகவைத்த அதே வாசனை. மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் வெளியேற வழி இல்லை. பருவம் மாறும்போது வெயில் விழும் இடமும் மாறும் என்பதை மறக்காதீர்கள். வெயிலை நம்புவதைவிட, ஓரடி உயரத்தில் ஒரு சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கு நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் போதுமானது.

பசவனகுடி முற்றம் | மார்ச் 14

இந்த உரையாடலை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். கண்ணாடி இல்லாமல் வளர்க்கவே முடியாது என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய காலத்து வீடு. பின்புறம் கிணற்றடியும், வெயிலே விழாத ஒரு சிறு முற்றமும் உண்டு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை செலாஜினெல்லா அங்கே திறந்த வெளியிலேயே செழிப்பாக இருக்கிறது. பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்தொட்டியை இறக்கி, இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணலை நிரப்பி, அந்த மணலில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன். சுட்ட மண்ணின் வழியே ஈரம் உள்ளே கசிகிறது. வெளிச்சுவரில் ஆவியாகும் நீர் தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்கிறது. தீபாவளி கழிந்து காற்று வறளத் தொடங்கும்போது நான்கைந்து துண்டுகளை வெட்டி மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் பத்திரப்படுத்திவிடுவேன். முற்றத்துச் செடி மார்ச்சில் பாதி கருகினாலும், ஜூனில் டப்பாவிலிருந்து திரும்ப நட்டுவிடலாம். அடுக்குமாடியில் இது சாத்தியமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரைத்தள வீட்டில் இருப்பவர்கள் மழைக்காலத்தையாவது செடிக்குக் கொடுங்கள். கண்ணாடிக்குள் வளர்வதைவிடக் கிளைகள் நெருக்கமாக வருகின்றன.

கண்ணாடிக் குடுவை | மார்ச் 15

முற்றம் அவர்கள் சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். நான் மூன்றாம் மாடியை மனத்தில் வைத்தே எழுதினேன். ஒன்று மட்டும்: கழிக்கும் துண்டுகளை வெளியே ஈரமான ஓடைக்கரையிலோ காட்டிலோ யாரும் வீச வேண்டாம். கிரௌசியானா ஆப்பிரிக்காவிலிருந்தும் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்த செடி. நியூசிலாந்தில் அது காட்டுத் தரையை மூடிக் களையாகப் பரவியதால் அங்கே விற்பதற்கே தடை இருக்கிறது. சிறு துண்டு விழுந்தாலும் வேரூன்றும். நம் மலைகளின் ஈரமும் நிழலும் அதற்குப் பிடித்துப்போகும்.

ஒயிட்ஃபீல்டு வாசி | ஏப்ரல் 2

நீலநிறச் செலாஜினெல்லா பற்றி யாருக்கேனும் அனுபவம் உண்டா? அன்சினேட்டா என்ற இனத்தை வாங்கினேன். வாங்கியபோது மயில் கழுத்து போல மின்னியது. என் எல்.இ.டி. விளக்கின் அடியில் மூன்று வாரத்தில் வெறும் மஞ்சள்பச்சையாகிவிட்டது. உரம் குறைவா?

பழைய தாவரவியல் டீச்சர் | ஏப்ரல் 2

உரம் காரணமில்லை, வெளிச்சம் அதிகம். அந்த நீலத்துக்கு நிறமி கிடையாது. இலையின் மேற்புறத்து மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம் அது. சோப்புக் குமிழியில் தெரிவது போல. ஒரு சொட்டு நீரை நீல இலையின் மீது பரப்பிப் பாருங்கள். நனைந்த இடத்தில் நீலம் மறைந்து பச்சை தெரியும், உலர்ந்ததும் நீலம் திரும்பும். ஆழ்ந்த நிழலில் வளரும் இலைகளில்தான் அந்த நிறம் நன்றாகத் தெரியும். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். ஏற்கனவே மஞ்சளான இலைகள் மாறுமென்று எதிர்பார்க்க வேண்டாம்; இனி வரும் இலைகளைப் பாருங்கள்.

உரத்தைப் பொறுத்தவரை இந்தப் பேரினமே குறைவாக உண்பது. 19-19-19 என்ற, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள கரையும் உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்காக்கி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தால் தாராளம்.

ஜன்னலோரத் தோட்டம் | ஜூன் 9

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். ஒன்பது துண்டுகளில் மூன்று அழுகிப்போயின, ஆறு பிழைத்தன. மார்ச் கடைசியில் கண்ணாடிப் பனி நீங்கள் சொன்ன அளவுக்கு வந்தது. ஏப்ரலில் வெளியே 34 டிகிரி இருந்த நாட்களிலும் ஒரு நுனி கூடக் கருகவில்லை. தண்ணீர் ஊற்றியது மொத்தமே இரண்டு முறை, இரண்டும் ஆர்.ஓ. தண்ணீர்.

டீச்சர், உங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடியை ஒட்டி வளர்ந்த ஒரு கிளையின் பிரிவிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்குவதை மே 20 அன்று பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் காபியோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் மண்ணைத் தொட்டது. அதற்குப் பிறகு சில நாட்களில், கண்ணாடி வழியாகவே, மண்ணுக்குள் அதன் நுனி இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. அந்தக் கிளை அதன் பிறகு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது.

பழைய தாவரவியல் டீச்சர் | ஜூன் 9

மிக்க மகிழ்ச்சி, தம்பி. கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். மண்ணுக்குள் இறங்குவதை இப்படி நாள்வாரியாகப் பார்த்ததில்லை. அந்தக் கிளையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

மொட்டைமாடி | ஜூன் 10

எனக்கும் ஒரு துண்டு கிடைக்குமா? சலவை அறை ஜன்னலில் பழைய குடுவை ஒன்றைத் தயாராகக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஜன்னலோரத் தோட்டம் | ஜூன் 10

கண்டிப்பாகத் தருகிறேன். இரண்டு கிளைப் பிரிவுகள் உள்ள துண்டாக வெட்டி, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் வைத்துத் தருகிறேன். வீட்டுக்குப் போகும் வரை டப்பாவைத் திறக்காதீர்கள். வண்டியில் வெயில் படும் இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.